உமா பார்த்துக்கொள்வாள்

உட்காருங்கள், தாராளமாக உட்காருங்கள். பை மட்டும்தான் இருந்தது, மடியில் வைத்துக்கொள்கிறேன். என்னோடு வந்தவள் அதோ, முன்னால் ஜன்னலோரம், பச்சைச் சேலை. என் தம்பி பெண்டாட்டி. உமாராணி. இங்கேயே இடம் இருந்தது. "நீங்க காலை நீட்டி வசதியா இருங்க மதினி" என்று சொல்லிவிட்டு அங்கே போய்விட்டாள். பார்த்தீர்களா, திரும்பிச் சிரிக்கிறாள். அருப்புக்கோட்டையில் ஏறியதிலிருந்து இப்படித்தான். நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே வருகிறாள்.

நீங்கள் மதுரைக்கா? கல்யாண ஜவுளியா, நல்லது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். உமாவுக்கு இல்லை, எனக்குத்தான். அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

கையைப் பார்க்கிறீர்களா? மருதாணி இல்லை, சாயம். எங்களுக்கு நூல் சாயப்பட்டறை. வீட்டுக்குப் பின்னாலேயே. அப்பா காலத்திலிருந்து சிவப்பு என்றால் எங்கள் பட்டறைச் சிவப்புதான். பொடியைக் கரைத்து, அண்டாவில் கொதிக்கவிட்டு, நூலை முக்கி எடுக்க வேண்டும். பதம் கைக்குத்தான் தெரியும். என்னைப் பக்கத்துத் தெருவில்தான் கட்டிக்கொடுத்தார்கள், அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் சாயம் கலக்க நான்தான். சாப்பாடு, குளியல் எல்லாம் பாதி நாள் அப்பா வீட்டில்தான். உமா மருமகளாக வந்ததும் அவளுக்கும் கற்றுக்கொடுத்தேன். கெட்டிக்காரி. சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்.

முதலில் அவளுக்குத்தான் வந்தது. ஒருநாள் குளியலறையிலிருந்து வந்தாள், முகம் வெளுத்திருந்தது. "மதினி, ஒண்ணுக்குப் போனா சிவப்பா வருது" என்றாள். வலி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாயக்காரிக்குச் சிவப்பு புதுசாடி? கையில இருக்கு, கால்ல இருக்கு, பாவாடையில இருக்கு. தண்ணி பட்டா வழியத்தான் செய்யும். சூடு வேற. போய் ஒரு இளநி குடி" என்றேன். எங்கள் பட்டறையில் யார் என்ன சொன்னாலும் இப்படித்தான் சொல்வோம். துப்பினால் சிவப்பு, மூக்கைச் சிந்தினால் சிவப்பு. அதில் ரத்தம் எது, சாயம் எது என்று யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

அவளும் குடித்தாள். நின்றது. பிறகு வந்தது. வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தேன், நின்றது. எங்கள் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் ஒன்றிலிருந்து அடுத்த பங்குனிப் பொங்கல்வரை இப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கட்டி கட்டியாக வந்தபோதுதான் மதுரைக்குக் கூட்டிப்போனோம். மூத்திரப்பையில் புற்று. பையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

அந்த டாக்டர் நல்ல மனுஷர். "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். சாயப்பட்டறை என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வீட்ல வேற யாரு சாயம் கலக்குறாங்க?" என்றார். "நான்தான் டாக்டர், இவளுக்கு முன்னாலருந்தே. இவளுக்குக் கத்துக் குடுத்ததே நான்தான்" என்றேன். நம் தொழிலை ஒரு பெரிய டாக்டர் அக்கறையாகக் கேட்கிறார் என்றால் நமக்கும் பெருமைதானே? "நீங்களும் ஒரு தடவை சோதிச்சுப் பாத்துக்குங்கம்மா. கையில உறை போடாமப் பொடியைத் தொடாதீங்க" என்றார். எனக்கு என்ன கேடு, கல்லு மாதிரி இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உமா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இனி சொல்லப்போவதை எப்படிச் சொல்வது? நீங்களும் கல்யாணமானவர், சொல்லலாம். கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள். உமாவை உள்ளே வார்டில் வயிற்றைச் சுத்தம் செய்யப் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டர் என்னையும் தம்பியையும் கூப்பிட்டார். தம்பி பெயர் ஞானகுரு. டாக்டர் பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். "கட்டி பையோட மேல்பக்கத்துல இருக்கு. பொதுவா பொம்பளைங்களுக்கு இந்த ஆபரேஷன்ல கர்ப்பப்பையையும், பிறப்புறுப்போட முன்பக்கச் சுவரையும் சேத்து எடுத்துருவோம். இவங்களுக்கு அதை விட்டுவைக்கலாம், வாய்ப்பு இருக்கு. எடுத்துட்டா உள்ளே இடம் குறுகிப்போயிரும். புருஷன் பொண்டாட்டியா இருக்கறது ரொம்பச் சிரமம். அவங்களுக்குத் தாம்பத்தியம் இருக்கா? அவங்ககிட்டயே கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

என்னிடம்! தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. தம்பி நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தான். "அக்கா, நான் டீ வாங்கிட்டு வாரேன்" என்று எழுந்து போய்விட்டான். அப்போதுதான் டீ குடித்திருந்தோம். அக்காளும் தம்பியும் நிற்கிற இடத்தில் அவன் வேறு என்ன செய்வான், பாவம். யாராவது ஒருவர் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் இல்லையா? நான் சொன்னேன்: "அதுக்கு எதுக்கு டாக்டர் கேட்டுட்டு வரணும்? மக காலேஜுக்குப் போறா. இவளுக்கு நாப்பதைத் தாண்டிருச்சு. அதெல்லாம் என்னைக்கோ முடிஞ்சுபோச்சு. ஒண்ணும் மிச்சம் வைக்காதீங்க, எல்லாத்தையும் எடுத்துருங்க."

"அவங்களைக் கேட்டீங்களா?" என்றார் மறுபடியும்.

"கேட்டுட்டேன் டாக்டர்" என்றேன்.

கேட்கவில்லைதான். எதைக் கேட்பது? நாத்தனார் போய்த் தம்பி பெண்டாட்டியிடம் கேட்கிற கேள்வியா அது? கேட்டால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? உங்களிடம் சொல்கிறேனே. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தால் இரண்டு பேரும் அறைக்குள் போய்விடுவார்கள். கதவு திறக்க நேரமாகும். உள்ளே சிரிப்புச் சத்தம் வேறு கேட்கும். மகள் தலைக்குமேல் வளர்ந்த பிறகும்! நான் முற்றத்தில் நூலை உதறிக் காயப்போட்டுக்கொண்டே இருப்பேன். அவள் வெளியே வரும்போது தலையில் வைத்த பூ நசுங்கியிருக்கும், நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல முடியுமா? இல்லை, இதுக்காக உயிரைப் பணயம் வைக்க முடியுமா? அவர் அந்த உயிர்ப் பேச்சு ஒன்றும் பேசவில்லைதான். நானாக யோசித்துச் சொன்னேன்.

எங்கே எழுந்திருக்கிறாள்? ஓ, காரியாபட்டி. பஸ் கொஞ்சம் நிற்கும். அவள் இறங்கிப்போய் பையைக் காலி செய்துவிட்டு வருவாள். ஆமாம், பை. தொப்புளுக்கு வலது பக்கம் சிவப்பாகச் சின்ன மொட்டு மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள், சிறுநீர் அதன் வழியாகத்தான் பைக்குள் வரும். சேலைக்குள் இருப்பது தெரிகிறதா பாருங்கள். தெரியாது. அத்தனை சுத்தம்.

நான் அவளைப் பார்த்துக்கொண்டதை ஊரே சொல்லும். வீட்டுக்கு வந்த பிறகு உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டி, பையை ஒட்டி, ஒழுகினால் துணி மாற்றி. அவள் அம்மாகூட வந்து நாலு நாளில் போய்விட்டாள். நான் முகம் சுளித்ததே இல்லை. "மதினி, நீங்க இல்லைன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள்.

புண் ஆறியது. நடமாடினாள். ஒருநாள் பூக்காரியிடம் மல்லிகை வாங்கினாள். நான்கூட நினைத்தேன், சரி, கோயிலுக்குப் போல என்று. மறுநாள் காலையில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். தம்பி யாரோடும் பேசவில்லை. பிறகு இன்னொரு நாளும் அப்படி. அதற்குப் பிறகு பூ வாங்கவில்லை. தம்பி படுக்கையைப் பட்டறைக்கு மாற்றிக்கொண்டான். அண்டா அடுப்புப் பக்கத்தில் படுத்தால் முதுகுக்கு இதமாக இருக்கிறதாம். நல்லதுதானே?

ஒரு தடவை செக்கப்புக்குப் போனபோது, "மதினி, கொஞ்சம் வெளியில இருங்களேன், டாக்டர்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். எனக்குத் தெரியாமல் என்ன ரகசியம்? நான் நகரவில்லை. உமா எப்படி இருக்கிறாள் என்று டாக்டர் கேட்டார். "நல்லா இருக்கா டாக்டர், ஒரு குறையும் இல்ல" என்று நானே சொல்லிவிட்டேன். எப்போதும் நான்தான் சொல்வேன். அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

அடுத்த தடவை எனக்கு முழங்கால் வலி. போக முடியவில்லை. தனியாகப் போய்விட்டு வந்தாள். அங்கே புதிதாக ஒரு லேடி டாக்டராம்.

அதற்கப்புறம் ஒருநாள் அவள் பீரோவில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். மடித்த துண்டுக்குள் ஏதோ தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தால், ஒரு களிம்பு, அதோடு... எப்படிச் சொல்வேன்? வழுவழு என்று பிளாஸ்டிக்கில், விரல் கனத்தில் ஒன்று, அதைவிடப் பெரியதாக ஒன்று, இன்னும் பெரியதாக ஒன்று. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் நடமாடுகிற வீடு! துண்டோடு சுருட்டி எடுத்துப்போய் அண்டா அடுப்பில் போட்டுவிட்டேன். நாற்றம் தெருவரைக்கும் போனது.

அந்த நாற்றத்துக்குத்தான் உமா வந்தாள். அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மதினி, அது மருந்து" என்றாள். "உள்ளே சுருங்கிப்போன இடத்தைக் கொஞ்சங்கொஞ்சமா இளக்குறதுக்குக் குடுத்தாங்க. ஒருவேளை சரியாகலாம்னு சொன்னாங்க."

"என்ன கண்றாவி மருந்து? நம்ம வீட்ல இதெல்லாம் வேணாம்" என்றேன்.

பிறகு கேட்டாள்: "விட்டுவைக்கவான்னு டாக்டர் முன்னாலயே கேட்டாராமே மதினி? எல்லாம் முடிஞ்சிருச்சு, எடுத்துருங்கன்னு நாங்க சொன்னதா அந்த லேடி டாக்டர் பழைய கேஸைப் பாத்துட்டுச் சொன்னாங்க. நான் சொல்லலையேன்னேன்."

"நீ எங்க சொன்ன? நீ உள்ள கிடந்த. நான்தான் பொறுப்பா பதில் சொன்னேன்."

"நீங்க சொன்னீங்களா" என்றாள்.

"பின்ன? உன் புருஷனா சொல்லுவான்? அவன் டீ வாங்கப் போயிட்டான்."

அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. குனிந்து அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டாள். "சரி மதினி" என்றாள். அவ்வளவுதான். நல்ல குடும்பத்துப் பெண் என்பது அதில் தெரிந்துவிடும்.

அன்றையிலிருந்து அவளுக்கு என்மேல் பாசம் இரண்டு மடங்காகிவிட்டது. ஒரு சொல் எதிர்த்துச் சொல்வதில்லை. எனக்கு முதல் காப்பி, எனக்கு முதல் தோசை. சாயப்பொடியை அவள் தொடுவதே இல்லை. மகளைப் பட்டறைப் பக்கமே விடுவதில்லை. வேலையாட்களுக்கெல்லாம் ரப்பர் உறை வாங்கிப்போட்டாள். எனக்கும் ஒரு ஜோடி நீட்டினாள். "உறை போட்டா நூலோட பதம் எப்படிடி கைக்குத் தெரியும்?" என்றேன். "உங்க இஷ்டம் மதினி" என்றாள். இரண்டாவது தடவை சொல்லவில்லை. "செவப்பை மட்டும் நீங்களே கலக்குங்க மதினி. உங்க கை யாருக்கும் வராது" என்பாள். பட்டறைக் கதவைச் சாத்தி, எனக்கு இடைஞ்சல் இல்லாமல் பார்த்துக்கொள்வாள். உள்ளே பொடி பறக்கும். நான் பாட்டுக்குக் கலக்கிக்கொண்டிருப்பேன்.

அப்புறம் எனக்கும் வந்தது.

போன மழைக்காலத்தில். குளியலறைத் தரையில் சிவப்பாக ஓடியது. எனக்குப் பின்னால் உமா குளிக்க வந்தவள் பார்த்துவிட்டாள். எனக்கு ஒரு நிமிஷம் திக் என்றது, மறைப்பானேன். "என்னடி உமா இது?" என்றேன். அவள் அதையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டுச் சொன்னாள்: "சாயம்தான் மதினி. சாயக்காரிக்குச் சிவப்பு புதுசா? சூடா இருக்கும். இளநி வெட்டித் தாரேன்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் சொன்னதை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறாள் பாருங்கள்! ஒரு சொல் மாறவில்லை. இளநியும் தினம் அவளே வெட்டிக்கொடுத்தாள். வெந்தயம் ஊறப்போட்டாள். நின்றது, வந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவமாடி?" என்று கேட்டேன் ஒருநாள். "எதுக்கு மதினி? பங்குனிப் பொங்கல் முடியட்டும்" என்றாள்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? குடிக்கத் தண்ணீர் வேண்டுமா? இந்தாங்க, குடியுங்கள்.

பொங்கல் முடிந்ததும் அவளே கூட்டிவந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். அதே மூத்திரப்பை, அதே பேச்சு. எனக்கு அதிகமாகிவிட்டதாம். இருந்தாலும் ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். இன்றைக்கு அதற்காகத்தான் போகிறோம், அதே டாக்டர், விவரமாகப் பேச. அவர் வரமுடியாது. அவர் என்றால் என் வீட்டுக்காரர். நூல் லாரியோடு சூரத் போனால் மாதக் கடைசியில்தான் ஊர் திரும்புவார்.

எனக்கா? ஐயோ, என்ன கேள்வி கேட்கிறீர்கள்! எனக்கு ஐம்பது நெருங்குகிறது. ... சிரிக்காதீர்கள். அவர் வருகிற அன்றைக்கு மஞ்சள் தேய்த்துக் குளிப்பேன், ஒரு முழம் பூ வாங்குவேன், அவ்வளவுதான். மாதத்துக்கு நாலு நாள் வீட்டுக்கு வருகிற மனுஷன். இத்தனை வருஷமாக அந்த நாலு நாளை வைத்துத்தான் மற்ற நாளை ஓட்டுகிறேன். என் கதை வேறு. அவர்களைப் போலப் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டதில்லை.

அதை டாக்டரிடம் சொல்லச் சொல்கிறீர்களா? நானேவா? நன்றாகச் சொன்னீர்கள்! ஓர் ஆம்பளையிடம் போய், 'டாக்டர், எனக்கு அதெல்லாம் இருக்கிறது, விட்டுவையுங்கள்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்புமா? அதற்குத்தான் கூட ஒரு ஆள் வேண்டும் என்பது. உமா கிளம்பும்போதே சொல்லிவிட்டாள். "நீங்க வாயே திறக்க வேணாம் மதினி. உள்ளகூட வர வேணாம், வெளியில பெஞ்சுல உக்காந்துக்குங்க. டாக்டர் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிடுறேன்."

பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. பேசிக்கொண்டே வந்ததில் தெரியவே இல்லை. இதோ, அவளே எழுந்து வருகிறாள்.

வாம்மா உமா. பையா? இந்தா. சும்மா பேசிக்கிட்டு வந்தோம்டி. நல்ல மனுஷி. என்னையவே டாக்டர்கிட்ட பேசச் சொல்றாங்க, எனக்கு வருமா அதெல்லாம்?

கேட்டீர்களா அவள் சொல்வதை? "எனக்கு மதினி பேசினாங்க, மதினிக்கு நான் பேசுறேன்" என்கிறாள். செய்ததை யார் இந்தக் காலத்தில் நினைவில் வைத்திருக்கிறார்கள், சொல்லுங்கள். எனக்குக் கண் கலங்குகிறது.

வருகிறேன். நல்லபடியாகச் சேலை எடுங்கள், சிவப்பு எடுத்தால் எங்கள் ஊர்ச் சிவப்பாகப் பார்த்து எடுங்கள்.

என்னங்க, ஏன் என் கையைப் பிடித்துக்கொள்கிறீர்கள்? விடுங்கள். அவள் படியில் நிற்கிறாள், எனக்காகக் காத்திருக்கிறாள்.